லேடீஸ் ஹாஸ்டலில் ஊர்த் தோழிக்கு ஒரு கட்டில்

வேலூரில் படிக்கும் யாரைக் கேட்டாலும் "ஹாஸ்டல்ல வெளி ஆளைத் தங்க வைக்க முடியாது" என்பார்கள். எங்கள் விதிமுறைத் தாளை எடுத்துப் படித்துப் பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை. வருபவர் பெண்ணாக இருக்க வேண்டும், அறையில் கட்டில் காலியாக இருக்க வேண்டும், வார்டன் கையெழுத்துப் போட வேண்டும். கோபியிலிருந்து என் பள்ளித் தோழி சனி, ஞாயிறு வருகிறேன் என்றதும் அந்தத் தாளை நம்பித்தான் இறங்கினேன்.

லாட்ஜ் யோசனை முதலிலேயே அடிபட்டுவிட்டது. சிஎம்சியைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் லாட்ஜுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதெல்லாம் வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கானது. போர்டே பெங்காலியில்தான் இருக்கும். காலேஜ் பெண்கள் இரண்டு பேர் போய் ரூம் கேட்டால் வாடகை சொல்வதற்கு முன்னால் ஆயிரம் கேள்வி வரும்.

கடிதத்தை புதன்கிழமையே கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கையெழுத்துப் போட யாரும் சீட்டில் இருக்க மாட்டார்கள். வழக்கமான அனுப்புநர், பெறுநர் கடிதம்தான். கூட வைக்க வேண்டியவை: தோழியின் ஆதார் நகல், அவள் காலேஜ் ஐடி நகல், ஊருக்குப் போகும் ரூம்மேட் 'என் கட்டிலைப் பயன்படுத்திக்கொள்ள ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. இந்தக் கடைசிச் சீட்டைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என் ரூம்மேட்டுக்கு அரக்கோணம், வாரா வாரம் ஊருக்குப் போகிறவள். பெட்ஷீட்டைத் துவைத்து வைக்க வேண்டும் என்ற ஒரே கண்டிஷனோடு எழுதிக் கொடுத்தாள்.

ட்யூட்டர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வார்டன் மேம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "அவங்க அம்மா நம்பர் குடும்மா" என்று வாங்கி, என் எதிரிலேயே போன் போட்டார். அம்மாவுக்கு விஷயம் தெரியுமா, எந்த ரயில், திரும்பிப் போக டிக்கெட் இருக்கா என்று மூன்றே கேள்வி. கடைசிக் கேள்விக்கு 'இருக்கு' என்று பதில் வந்த பிறகுதான் பேனாவைத் திறந்தார். ஆகவே திரும்பும் டிக்கெட்டை முதலில் போட்டு வையுங்கள். கெஸ்ட் கட்டணமும் மெஸ் டோக்கனுக்கான பணமும் ஆபீஸில் கட்டி ரசீது வாங்கியதோடு என் பக்க வேலை முடிந்தது.

அடுத்த சிக்கல் ரயில் நேரம். ஈரோட்டில் ஏறுகிறவர்களுக்கு சேரன் எக்ஸ்பிரஸ்தான் வசதி. ஆனால் அது காட்பாடிக்கு வருவது விடியற்காலை நாலு மணி வாக்கில், எங்கள் கேட் திறப்பது ஆறு மணிக்கு. இருட்டில் ஆட்டோ பிடித்து வந்து கேட் வாசலில் நிற்பதற்கு, ஸ்டேஷனிலேயே பெண்கள் வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல். அவளிடம் அதைத்தான் சொன்னேன். ஐந்தரைக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்பி வந்தாள். செக்யூரிட்டி அக்கா ரெஜிஸ்டரில் பெயர், நேரம் எழுத வைத்து, பையைத் திறந்து பார்த்தார். உள்ளே அவள் அம்மா கொடுத்துவிட்ட எள்ளுருண்டை. அக்காவுக்கு இரண்டு கொடுத்தோம், சோதனை அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை பகலில் எங்கும் போகவில்லை. மார்ச் வெயில். "ஏன் புள்ள, இந்த வெயில்ல எப்படி இருக்கற?" என்று கேட்டுவிட்டு ஃபேனுக்கு நேர் கீழே படுத்தவள்தான், மெஸ் மணி அடித்துத்தான் எழுந்தாள். வெயில் தாழ்ந்ததும் டவுன் பஸ்ஸில் பாலாற்றுப் பாலம் தாண்டிக் கோட்டைக்குப் போனோம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் செலவும் இல்லை. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். அவளும் எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருந்தாள். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது, ராஜா மட்டும்தான் பாக்கி என்று சொல்லி வைத்தேன். கல்யாண மண்டபத்தில் முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைத் தூண்களை அவள் விட்டு நகரவே இல்லை. கடிவாளத்தின் முடிச்சுவரை கல்லில் செதுக்கியிருப்பதை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். 1806 சிப்பாய்க் கலகக் கதையை அகழி ஓரத்தில் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி ஏழு. ஏழரைக்கு கேட் மூடிவிடுவார்கள், மீதிக் கதை ஆட்டோவில்.

அதனால்தான் ஸ்ரீபுரம் பொற்கோயிலை இரவு விளக்கொளியில் காட்ட முடியவில்லை. ஞாயிறு காலையில் சீக்கிரமே போனோம். செல்போனை வெளியே கொடுத்துவிட வேண்டும், அரை டிரவுசர் போட்டு வந்தால் விட மாட்டார்கள். நட்சத்திர வடிவப் பாதையில் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும் என்பதால் இளவெயிலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. தங்கத்தைவிட, போன் இல்லாமல் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டே நடந்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது.

மதியம் ஆம்பூர் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி எங்கள் கொங்குப் பக்கத்துக்குப் புதிதல்ல, அதனால் சோற்றை அவள் பெரிதாகப் பாராட்டவில்லை. தொட்டுக்கொள்ளக் கொடுத்த புளிப்புக் கத்தரிக்காயை மட்டும் மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கினாள்.

சாயங்காலம் இன்டர்சிட்டியில் ஏற்றிவிட்டேன். ஹாஸ்டலை விட்டுக் கிளம்பும்போது வெளியேறிய நேரத்தை ரெஜிஸ்டரில் எழுத மறக்கக் கூடாது. எழுதாவிட்டால் ஆள் இன்னும் உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாதக் கடைசியில் வந்த மெஸ் பில்லில் அவள் சாப்பாட்டையும் மறுபடி சேர்த்திருந்தார்கள். ரசீதைக் காட்டிய பிறகுதான் கழித்தார்கள்.