வியாழக்கிழமை மெயில்கள்

கோவையில் மூன்று கிளைகள் உள்ள ஒரு பார்லருக்கு 2019-லிருந்து மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஸ்பாவும் உண்டு, மணப்பெண் மேக்கப்பும் உண்டு. என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டால் ‘இமெயில் மார்க்கெட்டிங்’ என்பேன். “ஓ, அந்த ஸ்பேம் அனுப்புற வேலையா?” என்று என் மாமா ஒருவர் கேட்டார். முதல் வருடத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான்.

வாடிக்கையாளர் பட்டியல் என்று என்னிடம் கொடுக்கப்பட்டது ரிசப்ஷனில் இருந்த நான்கு நீள நோட்டுகள். போன் நம்பர் எல்லோருடையதும் இருந்தது. மெயில் முகவரி பாதிப் பேருக்குத்தான். அதிலும் ‘ஜிமெயில்’ என்பதை எத்தனை விதமாகத் தப்பாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் எக்ஸெலில் அடித்து முடித்தபோது, ஒரே முகவரி அறுபது இடத்துக்கு மேல் வந்திருந்தது. யாரென்று பார்த்தால், அது பார்லரின் சொந்த முகவரி. “கேட்டா மொறைக்கறாங்க தம்பி, கட்டத்தைக் காலியா விட்டா மேடம் திட்டறாங்க. அதான் நம்ம முகவரியையே போட்டுட்டேன்” என்றார் ரிசப்ஷன் அக்கா.

அந்தப் பட்டியலுக்குப் போன முதல் மெயில், மணப்பெண் பேக்கேஜ் தள்ளுபடி. எல்லோருக்கும் ஒரே மெயில். மாதாமாதம் பெடிக்யூருக்கு வரும் ஒரு பாட்டியம்மா மறுநாளே போன் செய்தார்: “ஏங்கண்ணு, பேக்கேஜ் எல்லாம் நல்லாத்தான் இருக்குது. மாப்பிள்ளையும் நீங்களே பார்த்து வெச்சுட்டீங்களா?” மேடம் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

‘வாட்ஸ்அப் இருக்கும்போது மெயிலை யார் பார்க்கிறார்கள்?’ என்று இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்றால், விளம்பரம் அனுப்புகிறவர்கள் போன் கம்பெனிகளிடம் செய்ய வேண்டிய டி.எல்.டி. பதிவு, அனுப்பும் வாசகத்துக்கு டெம்ப்ளேட் ஒப்புதல் என்று தனிப் பாடு. மெயில் பார்க்கிறவர்கள் எங்களுக்கு இரண்டு வகை. ஒன்று, நாள் முழுவதும் மெயிலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும் ஐ.டி. கம்பெனிப் பெண்கள். இன்னொன்று, வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் கல்யாணம் வைத்திருக்கும் மணப்பெண்கள். பொள்ளாச்சி மண்டபத்தில் தை மாத முகூர்த்தம் என்றால் டல்லாஸில் இருக்கும் பெண் ஐப்பசியிலேயே விசாரிப்பாள். ரேட்டை ஒப்பிட வேண்டும், அம்மாவுக்கு அனுப்ப வேண்டும், மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அது குட்மார்னிங் பூக்களுக்கு அடியில் புதைந்துபோகும்.

பாட்டியம்மாவுக்குப் பிறகு பட்டியலைப் பிரிக்க ஆரம்பித்தேன். வயது, ஏரியா, செலவழித்த தொகை என்று முதலில் பிரித்துப் பார்த்தது எதற்கும் உதவவில்லை. கடைசியாக என்ன செய்துகொண்டார், எப்போது செய்துகொண்டார் என்ற இரண்டு கட்டங்கள்தான் வேலை செய்தன. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளரும். கலர் செய்துகொண்டவருக்கு ஐந்தாவது வாரம் வகிட்டில் வெள்ளை தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடியில் அவர் அதைப் பார்த்த வாரமே மெயில் போனால் அப்பாயின்ட்மென்ட் விழுகிறது. மூன்றாவது வாரம் போனால் விளம்பரம், எட்டாவது வாரம் போனால் அவர் ஏற்கெனவே வேறு எங்கோ போயிருப்பார். ஃபேஷியலுக்கு நான்கு வாரம், வேக்சிங்குக்கும் ஏறக்குறைய அதே. த்ரெட்டிங்குக்கு மெயில் அனுப்புவது வீண். அது காய்கறி வாங்கப் போகும் வழியில் நடக்கிற காரியம்.

கிழமை விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது. மெயில் அனுப்பச் செவ்வாய்தான் சிறந்த நாள் என்று அமெரிக்கக் கட்டுரைகளில் படித்துவிட்டு, ‘இன்று ஹேர்கட் பாதி விலை’ என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை அனுப்பினேன். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டாத வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியாதா என்ன? என் அம்மாவே விடமாட்டார். ஆனாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எப்படியோ மறந்துபோகிறது. அன்று நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அப்புறம் வியாழக்கிழமை காலைக்கு மாறினோம்; சனி, ஞாயிறுக்குத் திட்டம் போடுகிற நேரம் அது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், அந்த மாதம் மசாஜ், ஹேர் ஸ்பா மெயில்கள் மட்டும்.

2021 கடைசியில் மேடத்துக்கு ஒரே சந்தோஷம். மெயிலைத் திறந்தவர்கள் எண்ணிக்கை திடீரென்று ஏறியிருந்தது. காரணம் நான் அல்ல, ஆப்பிள். மெயிலுக்குள் இருக்கும் ஒரு படம் இறங்குவதை வைத்துத்தான் அதைத் திறந்ததாகக் கணக்கிடுவோம். அந்த செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 15-லிருந்து, ஐபோனின் மெயில் செயலி படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிக்கொள்ளும். ஆள் பார்க்காமலேயே ‘திறந்தார்’ என்று கணக்கு விழும். அதை விளக்கிச் சொல்லி என் பெயரை நானே கெடுத்துக்கொண்டேன். அதிலிருந்து பதில் மெயிலையும் அப்பாயின்ட்மென்ட்டையும் மட்டும்தான் எண்ணுகிறோம்.

2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கின. ஆயிரம் பேரில் மூன்று பேர் ‘ஸ்பேம்’ என்று அழுத்தும் நிலைக்குப் போனால் ஆபத்து. நாங்கள் சின்ன ஆட்கள்தான், ஆனாலும் ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத பெயர்களை எல்லாம் நீக்கினேன். நாலாயிரத்துச் சொச்சம் இரண்டாயிரத்துக்குக் கீழே வந்தது. அப்பாயின்ட்மென்ட் குறையவில்லை.

இதுவரை அனுப்பியதில் நன்றாகப் போன மெயிலில் படமே கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதம் ஆனது. நான்கு வரியில் அதைச் சொல்லி, ஒரு ஃபேஷியலுக்குப் பழைய பில் எவ்வளவு, புதிய பில் எவ்வளவு என்று மட்டும் எழுதினோம். வாடகைக்கும் சரக்குக்கும் கட்டிய வரியை இனிக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால் மேடம் சில ரேட்டுகளை லேசாக ஏற்றினார். அதையும் மறைக்காமல் எழுதினோம். ‘சொன்னதற்கு நன்றி’ என்று ஏழெட்டுப் பேர் பதில் போட்டார்கள்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தத் தவறு நடந்தது.

மணப்பெண் புக்கிங்கில் கல்யாணத் தேதியை வாங்கிக்கொள்வோம். அந்தத் தேதியை வைத்து, சரியாக ஒரு வருடம் கழித்துத் தானாகவே ஒரு மெயில் போகும்படி அமைத்திருந்தேன்: ‘முதல் திருமண நாள் வாழ்த்துகள், இருவருக்கும் ஸ்பாவில் 20 சதவீதம் தள்ளுபடி’. நல்ல யோசனை என்று மேடமும் பாராட்டினார். ஒரு காலை, பார்லர் முகவரிக்கு ஒரு பதில் வந்திருந்தது. ‘எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. தயவுசெய்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.’

பழைய நோட்டைப் புரட்டினேன். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புக்கிங் ரத்தாகியிருந்தது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததாகக் குறிப்பும் இருந்தது. எக்ஸெலில் ரத்து என்று மாற்றியிருந்தேன். தேதிக் கட்டத்தை அழிக்கவில்லை. மெயில் அனுப்பும் மென்பொருள் தேதியை மட்டும்தான் பார்க்கும்.

“எனக்குத் தெரியுமே. அந்தப் பொண்ணோட அம்மாதான் வந்து அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனாங்க. இங்கேயே உட்கார்ந்து அழுதாங்க” என்றார் அக்கா.

“என்கிட்ட ஏன் சொல்லலைங்க்கா?”

“நீங்க கேட்கவே இல்லையே தம்பி.”

மேடம் அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து பெரிதாகக் கோபமாக எதுவும் வரவில்லை. “பரவாயில்லைங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். திருமண நாள் மெயிலை அன்றே நிறுத்தினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் மறுநாள் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து அக்காவின் மேசையில் வைக்கிறேன். அவர் டீ குடித்துக்கொண்டே பென்சிலால் பெயர்களை அடிப்பார். இவள் பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருக்கிறாள், மசாஜ் மெயில் வேண்டாம். இவர் வீட்டில் துக்கம், மூன்று மாதம் போகட்டும். இவருக்குப் போனமுறை கலர் ஒத்துக்கொள்ளாமல் நெற்றி தடித்துவிட்டது. இது வீட்டுக்காரர் முகவரி, லேசர் என்று சப்ஜெக்டில் போடாதே. கடைசியாகச் சொன்னது இப்போது எல்லோருக்குமே விதியாகிவிட்டது: சப்ஜெக்ட் லைனில் சிகிச்சையின் பெயர் வராது.

சில பெயர்களுக்குக் காரணம் சொல்லமாட்டார். ஒருமுறை வற்புறுத்திக் கேட்டதற்கு, “வேண்டாம்னா வேண்டாம் தம்பி, விடுங்க” என்றார். காரணம் எழுதும் கட்டத்தில் ‘அக்கா’ என்று மட்டும் போட்டுக்கொண்டேன்.

இந்த வாரம் தை முகூர்த்தப் பட்டியல். இருபத்து மூன்று பெயர்கள், அதில் ஒன்பது வெளிநாடு. நாளை காலை பத்து மணிக்குப் போக வேண்டும். அக்கா இன்றைக்கு லீவு. தாள் இன்னும் அவர் மேசையில்தான் கிடக்கிறது. அடுத்த வியாழன் அனுப்பிக்கொள்ளலாம் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன்.