அப்பாவின் கெல்லரும் 780 பிராங்கும்

போன வருடம் அம்மாவும் அப்பாவும் இருபத்துநாலு வருடம் குடியிருந்த நாலரை அறை வீட்டை விட்டுவிட்டு, லிஃப்ட் உள்ள இரண்டரை அறை வீட்டுக்கு மாறினார்கள். சுவிசில் அறைகளை இப்படித்தான் அரையும் சேர்த்து எண்ணுவார்கள். அந்த அரை எங்கே இருக்கிறது என்று அப்பா இன்றைக்கும் கேட்பார். மேலே இருந்த சாமான்களைப் பற்றி எங்களுக்கு யோசனையே இல்லை. பயமெல்லாம் கீழே இருந்த கெல்லரைப் பற்றித்தான்.

கெல்லர் என்பது அடுக்குமாடியின் நிலத்துக்குக் கீழே, மரச்சட்டம் அடித்துப் பூட்டுப் போட்ட சின்ன அறை. வீட்டுக்கு ஒன்று. வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அதுவும் வெறுமையாக, கூட்டித் துடைத்தபடி இருக்க வேண்டும். எங்கள் கெல்லரின் கதவைத் திறந்தால் ஆள் உள்ளே போக இடமில்லை. வாசலை மறித்துக்கொண்டு பழைய குழாய் ரீவி ஒன்று, நாற்பது கிலோவுக்குக் குறையாது. அதற்குப் பின்னால் ஆட்டிறைச்சியும் மீனும் போட்டு வைக்க வாங்கிய பெட்டி ஃபிறீசர். தமிழ் சனல் பார்க்க வைத்திருந்த டிஷ், அதன் ரிசீவர்கள் மூன்று. இரண்டு வீடியோ டெக், ஒரு ஃபக்ஸ் மெசின், இந்தியாவிலிருந்து வந்த இட்லி அரைக்கிற கிறைண்டர், மோட்டர் கருகிய மிக்சி, றைஸ் குக்கர்கள், மடிக்கணினிகள். ஒரு பிஸ்கற் ரின் நிறையப் பழைய போன்கள்.

இவ்வளவும் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பல வருடத்துக்கு முன் அப்பா ஒரு பழுதான டிவிடி பிளேயரைச் சாதாரணக் கறுப்புப் பையில் போட்டுக் குப்பையோடு வைத்துவிட்டார். அதே பைக்குள் எங்கள் விலாசம் எழுதிய ஒரு கடித உறையும் கிடந்திருக்கிறது. இங்கே குப்பைப் பைக்குக் காசு. அந்தக் கட்டணம் கட்டாத பையைப் பிரித்துப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு கிழமையில் தண்டக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து வயர் இருக்கிற எந்தச் சாமானையும் அப்பா எறிந்ததில்லை. "எறிஞ்சால் திரும்பவும் கடிதம் வரும்" என்று சொல்லி எல்லாவற்றையும் கெல்லருக்கு இறக்கினார்.

வீடு காலி செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றைக் கூப்பிட்டோம். வந்தவர் கைவிளக்கை அடித்துப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், மேலே இருந்த சோபாவையும் இரண்டு அலுமாரியையும் சேர்த்து எழுதித் தந்தார்: 780 பிராங். இரண்டு ஆள், ஒரு வான், அரை நாள், அகற்றும் செலவு. அப்பா ஓய்வூதியக்காரர். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் மேலே போய்விட்டார். சரி, நானே ஒரு கை பார்க்கிறேன் என்று இறங்கினேன்.

சுவிஸ் குப்பைக் கணக்குத் தெரியாதவர்களுக்கு: இங்கே பெரும்பாலான ஊர்களில் குப்பை போடும் பைக்கே காசு. 1975இல் சென் காலன் நகரம் தொடங்கியது, சூரிச்சில் 1993இல் வந்தது, ஜெனீவா மட்டும் இன்றுவரை பிடிகொடுக்கவில்லை. 35 லீட்டர்ப் பை ஒன்று, ஊரைப் பொறுத்து ஏறக்குறைய இரண்டு பிராங். பைக்குள் அடங்காத கதிரை, மெத்தை போன்றவற்றுக்கு வேறு முத்திரை வாங்கி ஒட்ட வேண்டும், அல்லது கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோய் எடை போட்டுக் காசு கட்ட வேண்டும். ஆகவே இங்கே குப்பையைக் குறைப்பது நேரே பணப்பையில் தெரிகிற விஷயம்.

முதல் சனிக்கிழமை நான் செய்தது சுத்த முட்டாள்தனம். தம்பியின் காரில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டேன். உடைந்த ராக்கை, பழைய கம்பளம், ஃபக்ஸ் மெசின், வீடியோ டெக், பிறின்டர், மிக்சி எல்லாம் ஒரே குவியல். பக்கத்து ஊரில் உள்ள தனியார் நிலையத்துக்குள் போகும்போது காரோடு தராசில் நிறுத்தார்கள், வரும்போது திரும்ப நிறுத்தார்கள். வித்தியாசம் 140 கிலோ. கிலோவுக்கு 45 ராப்பன், அதாவது 45 சதம், படி 63 பிராங். கட்டிவிட்டு வெளியே வந்தபோது பின்னால் நின்ற காரில் வந்த ஒரு வயதான சுவிஸ்காரர், "இலத்திரனியல் சாமானை ஏன் நிறுத்தாய்? அது இலவசம். முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் தராசில் ஏற வேண்டும்" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த 140 கிலோவில் பாதிக்கு மேல் வயர் உள்ள சாமான்தான்.

ஏன் இலவசம் என்பது அன்றிரவு அப்பாவின் ஓர்ட்னரில், அதாவது கடதாசிக் கோவையில், கிடைத்தது. சுவிசுக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல அப்பாவும் ஒரு கடதாசியையும் எறியமாட்டார், துளை போட்டுக் கோவையில் அடுக்கி வைத்திருப்பார். ஒரு மடிக்கணினியின் பற்றுச்சீட்டில், விலைக்குக் கீழே ஃபௌ-எர்-கே என்று மூன்று எழுத்து, பக்கத்தில் ஒரு சின்னத் தொகை. முன்கூட்டிய மீள்சுழற்சிக் கட்டணம். அந்தச் சாமான் பழுதாகிக் கழிபடும் நாளுக்கான செலவை, வாங்குகிற அன்றே எங்களிடம் எடுத்துவிட்டார்கள். கணினி, போன், ரீவி போன்றவற்றுக்கு இந்தப் பணத்தைச் சுவிக்கோ என்ற அமைப்பும், ஃபிறீசர், சமையல் சாமான், விளக்கு வகைகளுக்குச் சென்ஸ் என்ற அமைப்பும் சேர்த்து வைத்து, பிரித்தெடுக்கும் ஆலைகளுக்குக் கொடுக்கின்றன. பற்றறிக்குத் தனியாக இனோபாட்.

அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றி அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். "அப்ப இதுவும் எங்கட காசுதானோ, பிள்ளை?"

எங்கள் காசேதான். 780 பிராங்கில் ஒரு பெரிய பங்கு, ஏற்கெனவே கட்டி முடித்ததற்குத் திரும்பவும் கட்டுவது. பழைய சாமானை விற்றுக் காசு பார்ப்பதைப் பற்றி நிறையப் பேர் பேசுவார்கள். பத்து வருடப் பழைய பிறின்டரை யார் வாங்குகிறார்கள்? இரண்டாம் தடவை கட்டாமல் இருந்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

சட்டமும் எங்கள் பக்கம் இருந்தது. 1998இல் வந்து பிறகு திருத்தப்பட்ட ஓர் ஆணைப்படி, இலத்திரனியல் சாமான் விற்கிற கடை, தான் விற்கிற வகைச் சாமானை யார் கொண்டுவந்தாலும் இலவசமாகத் திருப்பி எடுக்க வேண்டும். அந்தக் கடையில் வாங்கியிருக்கத் தேவையில்லை, புதிதாக ஒன்றும் வாங்கவும் தேவையில்லை. அதே ஆணை எங்களையும் கட்டிப்போடுகிறது: வீட்டுக் குப்பையோடு போடக்கூடாது, கொண்டுபோய்க் கொடுத்தே ஆக வேண்டும். அப்பாவுக்கு வந்த தண்டக் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் இதெல்லாம் விளக்கமாக எழுதியிருந்திருக்கும். தொகையைப் பார்த்த பிறகு இரண்டாவது பக்கத்தை யார் திருப்பினார்கள்!

அடுத்த கிழமை பழுதான மடிக்கணினிகள், ரிசீவர், போன் எல்லாவற்றையும் இரண்டு பெரிய பைகளில் போட்டுக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். வாசலில் நின்ற பொடியன் பற்றுச்சீட்டு கேட்டான். இல்லை என்றேன். எங்களிடம் வாங்கியதா என்றான். இல்லை, ஆனாலும் நீங்கள் எடுக்க வேண்டுமே என்று ஜெர்மன் மொழியில் கொஞ்சம் இறுக்கமாகவே சொன்னேன். உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கம்பிக்கூடையைக் காட்டினார். ஐந்து நிமிட வேலை. வெட்கம்தான் எங்கள் ஆட்களை மறிக்கிறது என்று நினைக்கிறேன். வாங்காமல் வெறுங்கையோடு கடைக்குப் போய்க் குப்பை கொடுப்பதா என்கிற கூச்சம்.

கொடுக்க முன் செய்த ஒரு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மடிக்கணினிகளில் அப்பாவின் அகதி விண்ணப்பக் கடதாசிகளின் ஸ்கான், வங்கி விபரம், என் கலியாணப் படங்கள் எல்லாம் கிடந்தன. கோப்புகளைக் குப்பைத்தொட்டிப் படத்துக்குள் இழுத்துப் போட்டால் அழியாது. ஓடக்கூடிய ஒன்றில் படங்களை வெளித்தட்டுக்கு மாற்றினோம். மூன்று மடிக்கணினிகளிலும் அடிப்பக்க ஆணிகளைக் கழற்றி வன்தட்டை வெளியே எடுத்தோம். தம்பி அவற்றில் துளைக்கருவியால் மும்மூன்று ஓட்டை போட்டான். அது அவனுக்கு மிகவும் சந்தோசமான பின்னேரம். ஓட்டை போட்ட தட்டையும் அதே கூடைக்குள் போடலாம். ஒளிர்கிற போன்களில் கணக்கிலிருந்து வெளியேறி, ஆரம்ப நிலைக்குத் திருப்பினோம். ஒளிராதவற்றில் சிம்மையும் நினைவட்டையையும் உருவினோம். ஒரு போன் மட்டும் பற்றறி வீங்கி, முதுகு பிளந்து கிடந்தது. அதை அமத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். ஒரு வாயகன்ற போத்தலில் மணல் போட்டு அதற்குள் தனியாக வைத்துக் கொண்டுபோய், கையில் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுத்தேன். கழன்று கிடந்த மற்ற லிதியம் பற்றறிகளின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டினோம். சாதாரணச் சின்னப் பற்றறிகள் மிக்ரோஸ், கோப் சூப்பர்மார்க்கெட் வாசல்களில் உள்ள பெட்டிக்குள் போயின.

பாரமானவற்றுக்கு நண்பர் ஒருவரின் வான். இந்தமுறை எங்கள் ஊரின் கழிவு நிலையம், இந்தமுறை புத்தி வந்திருந்தது. போனதும் முதல் வார்த்தையே "எலெக்ட்ரோ" என்றேன். ஃபிறீசரைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே ஏற்றியிருந்தோம். குழாய் நெளிந்து உடைந்தால் குளிர்வாயு வெளியேறிவிடும். எங்களுடைய தகட்டில் ஆர் 600 ஏ என்று இருந்தது, எரியக்கூடிய வாயு. இன்னும் பழைய ஃபிறீசர் என்றால் ஓசோனைத் தின்னும் வாயு இருக்கக்கூடும், அதற்காகவே அவற்றை மூடிய ஆலையில் வைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். குழாய் ரீவிக்கும் தனி இடம், அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. டிஷ் இலத்திரனியல் அல்ல, வெறும் உலோகம், அதுவும் இலவசம்.

கிறைண்டரில்தான் சண்டை. நிலையத்தில் இருந்தவர் மூடியைத் திறந்து, கருங்கல்லைத் தட்டிப் பார்த்து, "இது என்ன, சீமெந்து கலக்கிறதா?" என்றார். தோசை மா என்று விளக்க ஜெர்மனில் எனக்கு வார்த்தை வரவில்லை. அப்பா முன்னால் வந்து, கையை வட்டமாகச் சுற்றிக் காட்டி, "அரிசி. உளுந்து. ஆறு மணித்தியாலம். தோசை" என்றார். அந்த மனிதர் அரைமனதோடு மோட்டரையும் உடலையும் எடுத்துக்கொண்டார். கல் வேண்டாம், அது கட்டடக் கழிவு, காசு என்றார். அம்மா அதற்கு முன்பே குழவியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வானில் ஏறிவிட்டார். இப்போது புதுவீட்டுப் பல்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் அதுதான் பிடிக்கிறது.

எல்லாம் இலவசமாகப் போகவில்லை. வீடியோ கசற் எண்பதுக்கு மேல். டெக்கை எடுப்பார்கள், கசற்றை எடுக்கமாட்டார்கள், அது காசுப் பைக்குள்தான் போக வேண்டும். பூப்புனித நீராட்டு விழா இரண்டையும் அம்மம்மாவின் அந்தியேட்டிச் சடங்கையும் கணினிக்கு மாற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினோம். பழைய இழை பல்புகளும் அப்படித்தான். எல்இடியும் சுருண்ட மின்சேமிப்பு விளக்கும் என்றால் கடைக்குத் திரும்பும்.

இடையில் சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்பலாமே, அங்கே யாராவது திருத்திப் பாவிப்பார்கள். ஓடுகிற சாமான் என்றால் எனக்கும் சம்மதம். நல்ல நிலையில் இருந்த ஒரு மடிக்கணினி புதுத் தட்டுப் போட்டு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு மச்சாளின் மகளுக்குப் போனது. பழுதானதை அனுப்புவது வேறு விசயம். அதை எல்லை தாண்டி அனுப்புவதை பாசல் என்ற சர்வதேச உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. சட்டத்தை விடுங்கள், இங்கே காசு கட்டிப் பிரித்தெடுக்க ஆலை இருக்கும்போது, ஊரில் வளவுக்குள் வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிற ஆளின் மூக்குக்கு ஏன் அனுப்ப வேண்டும்? சித்தப்பா அதற்கு மேல் பேசவில்லை. அவருடைய கெல்லரும் நிறையத்தான் இருக்கிறது.

கெல்லர் வெறுமையானதும் அந்த நிறுவனத்தைத் திரும்பக் கூப்பிட்டேன். சோபா, அலுமாரிகள் மட்டும்: 340 பிராங். 440 மிச்சம். நான் தராசில் தொலைத்த 63, கசற்றுக்கும் பல்புக்கும் போன பைகள், வானுக்கு டீசல், உதவிக்கு வந்தவர்களுக்கு ஒரு நேரக் கொத்துரொட்டி எல்லாம் கழித்தால் 250க்குக் கொஞ்சம் மேலே கையில் நின்றது. நாலு சனிக்கிழமைக்கு அது பெரிய சம்பளம் அல்ல. அலுமாரியைப் புறொக்கன்ஹவுஸ் என்ற பழைய சாமான் கடை எடுத்திருந்தால் அந்த 340 இன்னும் குறைந்திருக்கும். கதவு ஒன்று தொங்கியதால் வேண்டாம் என்றார்கள்.

போன மாதம் புதுவீட்டில் பாண் வாட்டும் ரோஸ்டர் பழுதாகிவிட்டது. அப்பா யாரையும் கேட்கவில்லை, பையில் போட்டுக்கொண்டு தனியாகவே கடைக்குப் போயிருக்கிறார். பின்னேரம் போன் எடுத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம், வாங்கிக் கூடைக்குள் போட்டார்களாம். குரலில் சந்தோசம் இருந்தது, ஆனால் ஏதோ ஒரு குறையும் இருந்தது.

"என்னப்பா?"

"எல்லாம் சரி. குடுத்ததுக்கு ஒரு துண்டு தரேல்லைப் பிள்ளை. ஓர்ட்னருக்குள்ள எதை வைக்கிறது?"