ஆணைக்குழுவில் சாட்சியம் சொன்ன கதை

இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அண்ணாவைக் காணவில்லை. அம்மா ஏறாத கந்தோர் இல்லை. காணாமல் போனோரை விசாரித்த ஓர் ஆணைக்குழுவின் முன்பும் சாட்சியம் சொன்னா. அதன் பெயர் இங்கே வேண்டாம். இனிச் சாட்சியம் சொல்லப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிராம சேவகர் மூலம் கடிதம் வந்தது. எதைக் கொண்டுவர வேண்டும் என்று அதில் இல்லை. அண்ணாவின் படம், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு போனோம். மூலப் பத்திரங்களை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உள்ளே நேரம் மிகக் குறைவு. அம்மா முள்ளிவாய்க்காலில் தொடங்கி வட்டுவாகல் பாலம் வரை வரிசையாகச் சொல்ல வெளிக்கிட்டா. மொழிபெயர்ப்பாளர் இடைமறித்தார். "சரி அம்மா, கடைசியா எங்க கண்டனீங்கள், அதை மட்டும் சொல்லுங்கோ." அடுத்து வந்த கேள்விகள் வேறு மாதிரி: வீட்டுத்திட்டம் கிடைத்ததா, மாடு இருக்கிறதா, மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு தரலாமே.

"நான் மாடு கேட்டு வரேல்லை ஐயா" என்றா அம்மா. அது மட்டும் மொழிபெயர்க்கப்படவில்லை.

ஆகவே, சொல்ல வேண்டியதை முதலே எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஓர் இலக்கம் வாங்காமல் எழும்ப வேண்டாம்.

இதெல்லாம் எங்கே போகிறது? 1948ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டப்படி ஆணைக்குழுவை அமைப்பவர் ஜனாதிபதி. அறிக்கையும் அவரிடமே போகும். ஆணைக்குழு யாரையும் தண்டிக்காது. வழக்குப் போடுவதென்றால் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் மனம் வைக்க வேண்டும். 2010இல் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை அடுத்த ஆண்டே வெளியானது. ஆனால் 2021இல், முந்தைய ஆணைக்குழுக்கள் சொன்னதை ஆராயவே இன்னொரு ஆணைக்குழு வந்தது! 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த காணாமல் போனோர் அலுவலகம் தேடலாம், விசாரிக்கலாம். அதன் முடிவை வைத்து எவர் மீதும் குற்றப் பொறுப்போ சிவில் பொறுப்போ வராது.

எங்களுக்குக் கையில் கிடைத்த ஒரே பயன், அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் வந்த, 'காணவில்லை' என்று பதியும் சான்றிதழ்தான். ஆள் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே வங்கி, காணி அலுவல்களைப் பார்க்கலாம். இறப்பு என்ற சொல் எங்கும் இல்லை என்று என்னை வாசிக்க வைத்துக் கேட்ட பிறகுதான் அம்மா விண்ணப்பத்தில் ஒப்பமிட்டா.