காசிமேட்டு உப்பும் பிக்கப்பின் முன் பிரேக்கும்

மாமாவின் பழைய பிக்கப் விடியற்காலையில் காசிமேட்டில் மீன் லோடு ஏற்றும் வண்டி. ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, இரண்டிலும் தினமும் குளிக்கிறது. கொஞ்ச நாளாக பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுப்பு, கீச்சென்று சத்தம் வேறு, சரி நாமே கழற்றிப் பார்க்கலாம் என்று தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தரையில் நிற்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, தூக்கியதும் சேஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே விடாதீர்கள்.

இடப்பக்கப் பேடுகள், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள், சமமாகத் தேய்ந்திருந்தன. விஷயம் வலப்பக்கத்தில். வெளிப்பேடில் பாதிக்கு மேல் இருக்கிறது, உள்பேடோ 2 மி.மீ. கூட இல்லை, 3 மி.மீ.க்கு வந்தாலே மாற்றிவிட வேண்டும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவது வெளிப்பேடுதான், அதனால்தான் மாமா "பேடு நல்லாத்தானே இருக்குது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

காரணம் ஸ்லைடு பின், பேடுகளைத் தாங்கும் காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான கம்பி. பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள்பேடைத் தள்ளும்போது காலிப்பர் இந்த ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வந்து வெளிப்பேடையும் டிஸ்க்கோடு அழுத்த வேண்டும். கீழ்ப் பின்னை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து உப்புத் தண்ணீர் புகுந்திருந்தது, பின் இறுகி வலப்பக்கம் சரியாகப் பிடிக்காததால்தான் வண்டி இடப்பக்கம் இழுத்திருக்கிறது. காலிப்பரை பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவிட்டு, பின்னைத் திருகித் திருகி வெளியே எடுத்தால் பழைய கிரீஸ் துருவோடு கட்டிக் கட்டியாக உதிர்கிறது, பின்னின் உடம்பெல்லாம் குழி. தேய்த்துப் பயனில்லை, புதுப் பின்னும் பூட்டும் போட்டேன், சிலிக்கான் கிரீஸ்தான், சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். இப்போது விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகிறது, பார்க்கவே அவ்வளவு திருப்தி!

டிஸ்க் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருந்ததால் அதைத் தொடவில்லை. பிஸ்டனை சி கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளினேன். டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் முன்பே கொஞ்சம் உறிஞ்சி எடுத்திருந்தேன். பேடு இரண்டு பக்கமும் புதுசு, ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வேண்டவே வேண்டாம்.

வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மிதி அப்படியே உள்ளே போய்விடும். அப்புறம் சாலை காலியான நேரத்தில் 50 கி.மீ. வேகத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைத்து புதுப் பேடைப் பழக்கினேன். இழுப்பு நின்றுவிட்டது. லோடு இறக்கியதும் சக்கரத்துக்கு நல்ல தண்ணீர் அடிக்க மாமா ஒப்புக்கொண்டார். அடுத்து பின்பக்க டிரம்மைத் திறக்க வேண்டும், ஈரம் இழுத்த பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டும்.