சாய்வெயிலில் தெரிந்த கல்வட்டம்

சானூருக்கு முதல் முறை போனபோது உச்சி வெயில். செங்கல்பட்டுப் பக்கத்து ஈமக்காடு அது; பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களைப் புதைத்து, மேலே கற்களை அடுக்கிய இடம். 1950-லும் 1952-லும் அங்கே அகழாய்வு நடந்தது, இறந்தவரை வைக்கும் ஈமப்பேழைகள், கால்கள் வைத்த சுடுமண் பெட்டிகள், கிடைத்தன என்றெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். போய்ப் பார்த்தால் புதர், சரளை, இறைந்து கிடக்கும் கற்கள். எது கல்லறையைச் சுற்றி நட்ட கல்வட்டம், எது சும்மா கிடக்கிற கல் என்று பிரிக்கவே தெரியவில்லை.

அடுத்த முறை காலை ஆறரைக்கே போய்விட்டேன். அன்றுதான் கண் திறந்தது. வெயில் சாய்வாக விழுந்ததில், தரையோடு தரையாகப் பாதி புதைந்திருந்த கற்களுக்கும் நீளமான நிழல். அந்த நிழல்கள் வளைந்து வளைந்து போயின. பின்தொடர்ந்து நடந்தால், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறேன். நடுவில் சிறு கற்கள் லேசாக மேடு தட்டியிருந்தன. கற்குவை! எண்ணினேன்: 23 கற்கள், இரண்டு இடத்தில் கல் இல்லை. குறுக்கே நடந்தால் ஒன்பது தப்படி. அப்புறம் அடுத்தடுத்த வட்டங்கள் தாமாகவே தெரிய ஆரம்பித்தன.

ஒரு கல்லின் அடியில் பானை ஓடு ஒன்று. உள்பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத பகுதி இப்படிக் கறுத்துவிடும். படம் எடுத்துக்கொண்டு ஓட்டை அங்கேயே விட்டுவிட்டேன். ஓடு எங்கே கிடந்தது என்பதும் சேர்ந்துதான் சான்று. வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வெறும் ஓடு.

போன மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரம். அங்கே தேடும் வேலையே இல்லை, கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடிய கல்லறைகளான கல்திட்டைகள் குன்றின் மேல் வெட்டவெளியில் நிற்கின்றன. கிழக்குப் பலகையில் வட்டமான இடுதுளை, அதாவது கல்லறைக்குள் திறக்கும் துளை. அதன் எதிரே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். கருங்கல்லைப் பலகையாகப் பிளந்ததே பெரிய வேலை. அதில் வட்டம் பிசகாமல் துளை போட்டிருக்கிறார்கள். உள்ளே சுவர்ப் பலகைகள் எப்படிப் பூட்டியிருக்கின்றன என்று பார்க்க டார்ச் கொண்டுபோகாமல் விட்டுவிட்டேன். கர்நாடகத்துப் பிரம்மகிரியில் 1947-இல் தோண்டிய கல்லறைகளில், ஒவ்வொரு பலகையும் அடுத்ததைத் தாண்டி நீண்டு, நான்கும் சுவஸ்திகம் போல நிற்கும். வெளியிலிருந்து மண் அழுத்தினாலும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும். இங்கேயும் அப்படித்தானா? டார்ச்சோடு, அளவு நாடாவோடு, அடுத்த மாதம் மறுபடி குன்றேறப் போகிறேன்.