இடைசெவலின் இருவர்

ஓர் ஊரின் பெருமையைப் பேசும்போது, அங்கே பிறந்து வெளியே போய்ப் பெயர் பெற்றவர்களின் பட்டியலைச் சொல்வதுதான் நம் வழக்கம். பதவி, பட்டம், வெளிநாட்டு வேலை என்று நீளும் அந்தப் பட்டியலில், அவர்களால் ஊருக்கு என்ன வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்திருந்தால் கல்வெட்டில் பெயர் இருக்கும், அவ்வளவுதான். இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி செல்லும் சாலையில் இருக்கும் இடைசெவல்தான் நினைவுக்கு வரும். சாகித்திய அகாதெமி விருது பெற்ற இரண்டு தமிழ் எழுத்தாளர்களை, அதுவும் பால்யம் முதலே நண்பர்களாக இருந்த இருவரை, அந்தச் சிறிய கிராமம் கொடுத்திருக்கிறது.

கு. அழகிரிசாமி 1923 செப்டம்பர் 23 அன்று அங்கே பிறந்தவர். கி. ராஜநாராயணனும் ஏறத்தாழ அதே வயதினர். இருவர் வீட்டிலும் பேச்சு தெலுங்கு. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை தப்பினால் கூலிக்கு வெளியூர் போக வேண்டிய வாழ்க்கை. அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்தவர். ராஜநாராயணனோ எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒதுங்கினேன், அங்கேயும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது எழுத்துலகில் எல்லோரும் அறிந்த வேடிக்கை.

இவர்களில் ஒருவர் ஊரை விட்டுப் போனார், மற்றவர் நெடுங்காலம் ஊரிலேயே இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அழகிரிசாமி 1940-களில் சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 1950-களில் சில ஆண்டுகள் மலேயாவில் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றினார். திரும்பி வந்து நவசக்தி பத்திரிகையில் சேர்ந்தார். சிறுகதைகளோடு கம்பராமாயணத்துக்கும் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துக்கும் பதிப்பாசிரியராக உழைத்தார். 1970 ஜூலையில், ஐம்பது வயதைக்கூட எட்டாமல் இறந்துபோனார். அந்த ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவர் மறைந்த பிறகே அவருக்கு வந்தது.

ராஜநாராயணன் விவசாயியாக, விவசாயிகள் போராட்டங்களில் சிறை சென்றவராக, புதுச்சேரிக்குப் போகும்வரை ஊரிலேயே இருந்தார். முப்பது வயதைக் கடந்த பிறகே எழுத வந்த அவருக்கு 1991-இல் அதே விருது கிடைத்தது. அதற்கு முன்பே, எட்டாம் வகுப்போடு நின்ற அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம், மக்களின் வாய்மொழிக் கதைகளையும் வழக்கங்களையும் ஆராயும் நாட்டார் வழக்காற்றியல் பணிக்கு அழைத்துச் சிறப்புப் பேராசிரியராக அமர்த்தியிருந்தது. ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் செய்தி இதுவாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், 1982-இல் வெளிவந்த அவருடைய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத்தான் முதலில் சொல்வேன். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய பேச்சை, சம்சாரிகள் என்னும் விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும் புழங்கிய சொற்களை, அகராதியில் ஏற்ற வேண்டியவை என்று கருதி ஒரு விவசாயி தொகுக்க முன்வந்தது சாதாரணக் காரியமன்று. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நகரத்துக் கல்லூரிக்குப் போய் வாயைத் திறக்கக் கூச்சப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கூச்சத்தைக் குறைத்ததில் அவருடைய எழுத்துக்குப் பங்குண்டு.

அவருடைய ‘கதவு’ கதையில், தீர்வை (நிலவரி) பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். வீட்டுத் தகப்பன் கூலி வேலைக்காக மணிமுத்தாறுக்குப் போயிருக்கிறான். குழந்தைகள் அந்தக் கதவில்தான் தீப்பெட்டிப் படம் ஒட்டி விளையாடியவர்கள். பஞ்சம், வரி, பிழைப்புத் தேடிப் போதல் என்று கரிசல் வரலாறு முழுவதும் ஒரே கதவில் வந்துவிடுகிறது. இத்தகைய பதிவுதான் ஊருக்குச் சேர்த்த சொத்து என்று நினைக்கிறேன்.

2021 மே மாதம் புதுச்சேரியில் காலமான ராஜநாராயணனின் உடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டு, அரசு மரியாதையுடன் இறுதி நிகழ்வு நடந்தது. அடுத்த ஆண்டே கோவில்பட்டியில் அரசு அவருக்கு நினைவரங்கம் திறந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இடைசெவல் என்றதும் இப்போது பலருக்கும் கி.ரா. பெயர் மட்டுமே நினைவுக்கு வருவதும், அழகிரிசாமியை அவருடைய நண்பராக மட்டும் அறிமுகப்படுத்துவதும் எனக்கு நெருடலாகவே இருக்கிறது. நண்பரைப் பற்றி வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் எழுதியும் பேசியும் வந்த கி.ரா.வே இதை ஒப்பியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

எங்கள் வட்டாரப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களில் அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை நாடகமாகப் போடலாம் என்று ஆசிரிய நண்பர்களிடம் சொல்லிவருகிறேன். பாடப் புத்தகத்துப் படங்களை வைத்துப் பிள்ளைகள் போட்டி போடுவதில் தொடங்கி, யாருமற்ற ஒரு சிறுவனுக்கு ஓர் ஏழைத் தாய் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது வரை போகும் கதை அது. மேடைக்குப் பெரிய செலவு எதுவும் தேவைப்படாது; நடிக்கும் பிள்ளைகளுக்கு வசனத்தைச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் அதிகம் இருக்காது.