விலை குறைந்த தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் உலக வரலாற்றுக்காக அமெரிக்கப் புரட்சியை வெறும் சட்டப் பட்டியலாக மனப்பாடம் செய்தவன் நான். 1764 சர்க்கரைச் சட்டம், 1765 முத்திரைச் சட்டம், 1767 டவுன்ஷெண்ட் சட்டங்கள், 1773 தேயிலைச் சட்டம். ஆண்டுகள் எல்லாம் நாக்கு நுனியில். மாதிரித் தேர்வில் "தேயிலை வரி ஏறியதால் மக்கள் கொதித்தெழுந்தனர்" என்று எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

தேடிப் படித்தால், விஷயமே தலைகீழ். 1773 சட்டம் புது வரி எதையும் போடவில்லை. கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனி (மதராஸில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான்) தேங்கிக் கிடந்த தேயிலையை நேரடியாக அமெரிக்காவில் விற்க அது வழிசெய்தது. கடத்தலில் வந்த டச்சுத் தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு விலை இறங்கும். ஆனால் பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்று 1767 டவுன்ஷெண்ட் சட்டங்கள் போட்ட பழைய வரி அப்படியே இருந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டால், தங்களுக்குப் பிரதிநிதியே இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். உள்ளூர் வணிகர்களுக்குப் பிழைப்பு போகும் என்ற பயம் வேறு. கடத்தல்காரர்களுக்கும்தான்! அந்த டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் தண்ணீருக்குள் போயின.

அப்புறம் பாடம் முழுவதையும் ஒரே கேள்வியோடு மறுபடி படித்தேன்: பின்வாங்கியபோதெல்லாம் லண்டன், அதாவது பிரிட்டிஷ் அரசு, எதை விட்டுக்கொடுக்கவில்லை? 1766-இல் முத்திரைச் சட்டத்தை நீக்கிய கையோடு, அமெரிக்காவில் இருந்த தன் காலனிகளுக்கு எல்லா விஷயத்திலும் சட்டம் இயற்றும் உரிமை தனக்கு உண்டு என்று பிரகடனச் சட்டம் கொண்டுவந்தது. 1770-இல் கண்ணாடி, ஈயம், தாள், வண்ணப்பூச்சு மீதான வரிகளை எடுத்துவிட்டுத் தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டது. இப்படிப் படித்தால் ஆண்டுகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

விடையை, பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போரால் பிரிட்டனுக்கு ஏறிய கடனில் தொடங்குங்கள். அதற்கு இரண்டு வரி போதும். 1774-இல் பிரிட்டன் தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகத்தை மூடியதற்குக் கொஞ்சம் இடம் வையுங்கள். காலனிகள் பிலடெல்பியாவில் கூடியது அதன் பிறகுதான். அங்கே வந்தவை 13 காலனிகளில் 12, ஜார்ஜியா வரவில்லை. அவசரத்தில் 13 என்று எழுதிவிடாதீர்கள், நான் எழுதினேன்.